நாள் தள்ளிப்போனவர்கள்

அந்த ஒரு வாக்கியத்தை எழுதி முடிக்க மருதாசலத்துக்கும் கமிட்டியின் மற்ற நான்கு ஆண்களுக்கும் பதினேழு நாட்கள் பிடித்தன. கமிட்டியில் ஒரே ஒரு பெண் இருந்திருந்தால் பதினேழு விநாடியில் அதை அடித்துப் போட்டிருப்பாள். கோயம்புத்தூர் காற்றுநலத் துறையில் பெண்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்களுக்கெல்லாம் அப்போது உருப்படியான வேலை இருந்தது.

மருதாசலம் அந்தத் துறையின் புள்ளிவிவரப் பிரிவுக்குத் தலைவர். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. அவருக்கு எழுதத் தெரிந்த தமிழெல்லாம் பேப்பர் தமிழும் அரசாணைத் தமிழும்தான். வீட்டுக்குள்ளே, அடுப்படியிலே பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் தமிழ் அவர் காதில் விழ வாய்ப்பே இருந்ததில்லை. நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

அவர் வாழ்க்கையில் பதினோரு வருஷத்தைக் கொடுத்து உண்டாக்கிய திட்டத்துக்கு வெயிலடைப்பு என்று பெயர். மறுநாள் ஓசோன் அளவு மீறும் என்று துறையின் கம்ப்யூட்டர் சொன்னால், காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை வார்ப்பட ஆலைகள், பெயிண்ட், வார்னிஷ் பட்டறைகள், பெட்ரோல் பங்குகள், பழைய டீசல் வண்டிகள் எல்லாம் நிற்க வேண்டும். ஊர் மருதாசலத்தை வாய்க்கு வந்தபடி திட்டியது. திட்டுவதில் நியாயமும் இருந்தது. அணை கட்டினால் தண்ணீரைக் காட்டலாம். பாலம் கட்டினால் நடந்து போய்ப் பார்க்கலாம். நேற்றுச் செத்திருக்க வேண்டியவர் இன்றைக்குச் சாகாமல் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தால் அதை எப்படிக் காட்டுவது? அவருக்கே அது தெரியாது.

இரண்டாயிரத்து நாற்பத்தேழில்தான் அதற்கு ஒரு வழி பிறந்தது. அறுபது தாண்டியவர்களும் நெஞ்சுநோய், இருதயநோய்க்காரர்களும் ஏற்கெனவே நாடித்துடிப்பை அளக்கும் பட்டை ஒன்றைக் கையில் கட்டியிருந்தார்கள். அந்தத் தகவலையெல்லாம் வாங்கி, கம்ப்யூட்டர் தனக்குள்ளே இன்னொரு கோயம்புத்தூரை ஓட்டிப் பார்த்தது. அந்த ஊரில் எல்லாம் இங்கே மாதிரியேதான், வெயிலடைப்பு மட்டும் கிடையாது. அங்கே இறந்து இங்கே இறக்காதவர்கள் யார் என்று, பெயரோடு அது சொன்னது.

சட்டம் ஒரு நிபந்தனை போட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். அனுப்பிய மறுநிமிடம் பட்டியல் அழிந்துவிட வேண்டும். ஒருவனுடைய சாவுக் கணக்கை அரசாங்கம் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதன் பொருள். மருதாசலத்துக்கும் அது சரி என்றே பட்டது.

அந்த ஒரு செய்தியில் என்ன எழுதுவது என்றுதான் கமிட்டி கூடியது. 'தங்கள் மரணம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்றார் ஒருவர். கோர்ட்டில் வாய்தா வாங்கியது போல இருக்கிறது என்று தள்ளினார்கள். 'நேற்றுத் தாங்கள் இறக்கவில்லை' என்றார் இன்னொருவர். அது எங்களுக்கே தெரியும் என்று ஜனங்கள் சொல்வார்கள். கடைசியில் மருதாசலம்தான் கண்டுபிடித்தார். சாவு என்ற சொல்லே வராமல், நயமாக, தமிழாக.

'நேற்றைய வெயிலடைப்பினால் தங்களுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. வாழ்த்துகள்.'

ஐந்து பேரும் கைதட்டினார்கள். டீ வரவழைத்துக் குடித்தார்கள்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, அந்த வருஷத்தின் முதல் வெயிலடைப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு பேருக்குச் செய்தி போனது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். கணவர் மோகனசுந்தரம், கணபதி வட்டாரத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டி வார்னிஷ் பூசுகிறவர். அறுபத்தெட்டு வயது. வாசலிலேயே கூனிக்குறுகி நின்றார். மனைவி கோகிலவாணி கணவரின் போனைப் பிடுங்கி வைத்திருந்தாள்.

"ஏனுங்க, இந்த மெசேஜு நீங்க அனுப்புனதுங்களா?"

ஆமாம் என்றார் மருதாசலம், கொஞ்சம் பெருமையாகவே.

"அறுபத்தெட்டு வயசு ஆம்பளைக்கு எப்படீங்க நாள் தள்ளிப்போகும்? இவரு போனுக்கு இது வருதுன்னா, தள்ளிப்போனது எவளுக்குன்னு நான் கேக்கோணுமா இல்லீங்களா?"

மருதாசலத்துக்கு அரை நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. மூலையில் தட்டச்சுப் பண்ணிக்கொண்டிருந்த பெண் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அதற்குப் பிறகுதான் விளங்கியது. காது மடல்வரை சிவந்துபோனார். அந்த ஐந்து ஆண்களில் நால்வருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை நினைக்க அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கருவுற்ற சேதியை அவர்களுடைய மனைவிமார் என்ன பாஷையில் சொன்னார்களோ.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விளக்கினார். ஓசோன் என்றதும் கோகிலவாணி, அது ஆகாயத்தில் இருப்பதுதானே, ஓட்டை விழுந்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தேனே என்றாள்.

"மேல இருந்தா நமக்குக் குடைங்க. அதே சமாச்சாரம் கீழ, மூக்குக்குப் பக்கத்துல உண்டாச்சுன்னா நெஞ்சுக்குக் கேடு. வண்டிப் புகையும் பெயிண்ட் ஆவியும் மத்தியான வெயில்ல வெந்து அதுவா மாறுது. கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் அது எச்சா ஆச்சுன்னா, அன்னைக்கோ அடுத்த நாளோ ஊருக்குள்ள அஞ்சாறு சாவு எச்சா விழும். சர்டிபிகேட்ல மாரடைப்புன்னு இருக்கும், மூச்சுத்திணறல்னு இருக்கும். ஓசோன்னு ஒருத்தரும் எழுத மாட்டாங்க."

"அதுக்கும் இவருக்கும் என்னங்க?"

மருதாசலம் இன்னொரு கோயம்புத்தூரைப் பற்றிச் சொன்னார். இங்கே வியாழக்கிழமை பட்டறை பூட்டியிருந்ததால் மோகனசுந்தரம் வீட்டில் படுத்துத் தூங்கினார். அங்கே பட்டறை திறந்திருந்தது. அவர் வேலைக்குப் போயிருக்கிறார். அதற்கு மேல் மருதாசலம் சொல்லவில்லை.

கோகிலவாணி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் சட்டையில் மேல் பொத்தான் போடாமல் இருந்தது. எழுந்து போய் அதைப் போட்டுவிட்டாள்.

"கோவத்துல மெசேஜ அழிச்சுப்போட்டனுங்க," என்றாள் மருதாசலத்திடம். "மறுக்கா அனுப்புவீங்களா?"

சட்டப்படி முடியாது. ஆகவே அலுவலகத் தாளில் அந்த வாக்கியத்தைத் தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அவள் மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டாள். மோகனசுந்தரத்துக்கு முந்தின நாள் இரவும் அன்று காலையும் சாப்பாடு கிடைக்கவில்லை என்று தெரிந்தது. இரண்டு பேரும் எதிரே இருந்த ஓட்டலுக்குள் நுழைந்ததையும், ஒரு மணி நேரம் வெளியே வராததையும் மருதாசலம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பதினோரு வருஷ உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை வரைக்கும்தான் நீடித்தது. திங்கட்கிழமை நகர்ப்புறச் செவிலியர் ஷம்ஷாத் ஆறு பேருக்கான இரும்புச்சத்து மாத்திரைப் பையோடு வந்து நின்றார். அரசுச் செய்திகள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் வழியாகப் போவதால், 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்ற சொல்லைக் கண்டதும் அது தன் கடமையைச் செய்துவிட்டது. ஆறு பேரையும் கர்ப்பிணிகள் பதிவேட்டில் ஏற்றிவிட்டது.

நீக்கிவிடலாமே என்றார் மருதாசலம். நீக்க முடியாது என்றார் ஷம்ஷாத். ஒரு தாயும் விடுபட்டுப் போகக் கூடாது என்பதற்காக, பிரசவம் ஆகும்வரை அந்தப் பதிவை யாரும் தொட முடியாதபடி செய்திருக்கிறார்கள். மாதம் தவறாமல் அவர் வீட்டுக்குப் போய் எடை போட்டு, ரத்த அழுத்தம் பார்த்துப் பதிய வேண்டும். பதியாவிட்டால் அவருக்கு மெமோ வரும்.

வாக்கியத்தையாவது மாற்றலாம் என்றால், அதற்குக் கமிட்டி கூட வேண்டும். கமிட்டியின் அடுத்த கூட்டம் ஜூனில். மே மாதம் வெயில் காலம் முடிவதற்குள் நாற்பத்து மூன்று பேருக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. நாற்பத்து மூன்று பேருக்கும் மாத்திரை போனது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் வேடிக்கை. வெயிலடைப்பைத் திட்டிக்கொண்டிருந்த டீக்கடைகளில் இப்போது, உனக்கு எத்தனையாவது மாசம் என்று கிழவர்கள் ஒருவரையொருவர் விசாரித்தார்கள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் முதல் இரண்டு மாதம் ஷம்ஷாத்தை வாசலோடு விரட்டினார். மூன்றாவது மாதம் அவரே போன் பண்ணி, தேதி தாண்டியும் ஏன் இன்னும் எடை போட வரவில்லை என்று அதட்டினார். மாங்காய் கேட்டு மருமகளைப் படுத்தியவர்களும் உண்டு.

செப்டம்பர் கடைசியில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. துறைச் செயலாளர் மந்தாகினி வீடியோவில் பேசினார். கெட்ட மனுஷி இல்லை. கணக்குத் தெரிந்தவர், அதனால்தான் மருதாசலத்துக்குப் பயம்.

"ஒரே ஒரு கேள்வி, மருதாசலம். உங்க லிஸ்ட்ல வந்தவங்க எல்லாம் ஏற்கெனவே ரொம்ப முடியாதவங்க. ஓசோன் இல்லேன்னாலும் அடுத்த வாரம் வேற எதுலயாவது போயிருப்பாங்க. நீங்க சாவைத் தடுக்கலை, மூணு நாள் தள்ளி வச்சிருக்கீங்க. அதுக்காக வருஷத்துல முப்பது மத்தியானம் ஒரு ஊரையே மூடணுமா?"

மருதாசலம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அன்றாடம் நூறு பேர் சாகிற ஊரில் ஐந்தாறு பேர் கூடுவதும் குறைவதும் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடும். அந்த நாற்பத்து மூன்று பேர் பிறகு எத்தனை நாள் இருந்தார்கள் என்று தெரிந்தால் சொல்லலாம். ஆனால் பட்டியல் அன்றன்றே அழிந்துவிட்டது. அக்டோபர் முடிவதற்குள் சான்று காட்டாவிட்டால் திட்டம் ரத்து என்று சொல்லிவிட்டு மந்தாகினி போனார்.

அதைவிட அவரை வதைத்தது வேறொன்று. ஒருவேளை அந்த அம்மாள் சொல்வதுதான் நிஜமோ? பதினோரு வருஷமாக ஊரை நிறுத்தி நிறுத்தி, மூன்று நாள்தான் வாங்கிக் கொடுத்தோமோ? கணபதிப் பக்கம் போய்ப் பார்த்துவிடலாம் என்று இரண்டு தரம் கிளம்பினார். மோகனசுந்தரம் அங்கே இல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இரண்டு தரமும் பாதி வழியில் திரும்பினார். மெஸ்ஸில் இட்லி தட்டிலேயே காய்ந்தது.

அக்டோபர் இரண்டாவது வாரம் ஷம்ஷாத் போன் செய்தார்.

"சார், உங்க ஆளுங்களுக்கெல்லாம் வளைகாப்பு வந்திருச்சு."

அரசாங்கம் வருஷாவருஷம் நடத்துகிற சமுதாய வளைகாப்புதான். ஐந்து மாதம் முடிந்த கர்ப்பிணிகளை ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து வளையல் போட்டு, கலவை சாதம் போடுவார்கள். பதிவேட்டில் பெயர் இருந்த எல்லாருக்கும் கம்ப்யூட்டர் அழைப்பிதழ் அனுப்பிவிட்டது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்த மருதாசலம் அப்படியே நின்றார். ஐந்து மாதம் முடிந்தவர்கள். சிலருக்கு ஏழு.

"ஏனுங்க சிஸ்டர், மாசாமாசம் நீங்க போய்ப் பாத்தீங்களா? அத்தனை பேரையும்?"

"பாக்காம என்ன சார்? எடை போட்டாத்தான் எனக்கு அடுத்த பக்கமே திறக்கும்."

"எத்தனை பேரு இருக்காங்க?"

மறுமுனையில் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறார் போல. "மூணு பேரு தவறிட்டாங்க சார். மத்த நாப்பது பேரும் நல்லாருக்காங்க."

மருதாசலம் போனைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபிறகுதான் அழுகிறோம் என்று தெரிந்தது. தட்டச்சுப் பெண் ஓடி வந்து, யாராவது தவறிவிட்டார்களா சார் என்று கேட்டாள். இல்லையம்மா, நாற்பது பேர் தவறவில்லை என்றார்.

கர்ப்பிணிகள் பதிவேட்டை வேறு துறைக்குக் காட்டச் சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் வளைகாப்புக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மந்தாகினிக்குப் போன் போட்டு, ஒரு விசேஷம் இருக்குங்க மேடம், ஒருநடை வந்து சாப்பிட்டுப் போங்க என்று கூப்பிட்டார். மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் அவர் கிளம்பி வந்திருக்க வேண்டும்.

மண்டபத்தில் வலது பக்கம் அறுபது கர்ப்பிணிப் பெண்கள். இடது பக்கம் வழுக்கையும் நரையும் கண்ணாடியும் ஊன்றுகோலுமாக மருதாசலத்தின் ஆட்கள். பெண்களுக்கு அன்று சடங்கு பார்க்கவே நேரமில்லை, அந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கவே சரியாக இருந்தது. மோகனசுந்தரத்தின் காயில் கட்டிக் காய்த்த கைக்கு எந்த வளையலும் ஏறவில்லை. வளையல்காரர் சோப்புப் போட்டு ஏற்றினார். இன்ஸ்பெக்டர் தனக்குப் பச்சையும் சிவப்பும் மாற்றி மாற்றித்தான் வேண்டும் என்று கறாராகச் சொன்னார். சந்தனத்தை அள்ளி ஆளுக்கொருவர் கன்னத்தில் தடவிக்கொண்டார்கள். கண்ணாடி வளையல்களின் சத்தத்தில் மைக்கில் பேசியவர் பேச்சு ஒருவர் காதிலும் ஏறவில்லை.

மந்தாகினி முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். யார் இவர்கள் என்று மருதாசலம் காதோடு சொன்னார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. விரலை மடக்கி இடது பக்கத்தை எண்ண ஆரம்பித்தார்.

பக்கத்தில் இருந்த கோகிலவாணி, இந்த அம்மாள்தான் மூன்று நாள் கணக்குச் சொன்னவர் என்று மருதாசலம் சொல்லித் தெரிந்துகொண்டு அவர் பக்கமாகத் திரும்பினாள்.

"அந்த இன்னொரு ஊருலயும் நான் இருக்கனுங்களாமா. இங்கயாட்டமே. அன்னைக்குக் காலைல, காப்பி ஆறிப்போச்சுன்னு கத்துனாருன்னு இவரைத் திட்டி நல்லா வஞ்சுபோட்டுக் கோயலுக்குப் போயிட்டேன். அந்த ஊருல எங்க ரெண்டு பேருக்கும் கடைசிப் பேச்சு அதானுங்க. மூணு நாளு குடுத்திருந்தாலே நான் கும்புட்டு வாங்கியிருப்பேன். இங்க ஏழு மாசமா வஞ்சுட்டு இருக்கேன்."

மந்தாகினி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சநேரம் விடவில்லை. பிறகு, அதிகாரி ஆகையால், மருதாசலத்தின் கையில் இருந்த சான்றுத் தாளைப் பார்த்தார்.

"நாற்பதுன்னு எழுதியிருக்கீங்க. நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன். முப்பத்தொன்பதுதான் இருக்கு."

மருதாசலமும் எண்ணினார். முப்பத்தொன்பது. யார் வரவில்லை? போன வாரம்வரை இருந்தவர்கள்தானே. ஷம்ஷாத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"எல்லாரும் வந்திருக்காங்களே சார்," என்றார் ஷம்ஷாத். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வலது பக்கம் காட்டினார். "அதோ, மூணாவது வரிசை. கத்திரிப்பூ கலர் பொடவை. அது உங்க ஆளு."

முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராத ஒரு பெண். நிறைந்த வயிறு. இடது கையில் வளையல்களுக்கு மேலே நாடிப் பட்டை.

பெயர் பிரவீணா என்று ஷம்ஷாத் சொன்னார். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா, அதனால்தான் பட்டை. முதல் நாள் செய்தி போன ஆறு பேரில் ஒருத்தி. மாத்திரை கொண்டுபோனபோது, மற்ற ஐந்து வீட்டிலும் சண்டை. இவள் மட்டும் வாசலுக்கு ஓடி வந்து, நிஜமாகவா என்று கேட்டிருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

"நான் தயங்கித்தான் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். நெஜமாவே நாள் தள்ளிப்போயிருந்துச்சு சார்."

"வெயிலடைப்பு விஷயம் சொன்னீங்களா?"

"வாயும் வயிறுமா இருக்கற புள்ளைகிட்ட, நீ போன வாரம் செத்திருப்பேன்னு எப்படி சார் சொல்றது?"

மருதாசலம் தயங்கித் தயங்கி அந்த வரிசைப் பக்கம் போனார். ஷம்ஷாத் அவரை, அந்த மெசேஜ் அனுப்பினவர் என்று அறிமுகப்படுத்தினார். பிரவீணா எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் வேண்டாம் என்று பதறினார்.

"நீங்கதானுங்களா? என்ற வீட்டுக்காரருக்குத் தெரியறதுக்கு முன்னாடி, எனக்கே தெரியறதுக்கு முன்னாடி, கவர்மெண்டுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?"

ஆயுளில் ஒரு தப்பான எண்ணை எழுதாத மனிதர் அவர். அந்த இன்னொரு கோயம்புத்தூரில் அன்றைக்கு ஆறு பேர் என்று கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. அது தப்பு, ஏழு பேர்.

"கணக்குத்தானுங்க அம்மிணி," என்றார். "உடம்பைப் பாத்துக்கங்க."

திரும்பி வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தார். தாளில் இருந்த நாற்பதை அடித்துவிட்டு மேலே நாற்பத்தொன்று என்று எழுதினார். மந்தாகினி புருவத்தை உயர்த்திப் பார்த்தார். மருதாசலம் மூன்றாவது வரிசையை மட்டும் கண்ணால் காட்டினார்.

அந்தப் பெண் வயிற்றின்மேல் கையை வைத்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மந்தாகினி அவளைப் பார்த்தார். கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். திரும்பித் தாளைப் பார்த்தார்.

அடித்தல் திருத்தல் உள்ள தாள் சென்னையில் செல்லாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருத்திய இடத்தில் மேலதிகாரி ஒப்பம் போட்டால்தான் செல்லும். மந்தாகினி அவர் கையில் இருந்த பேனாவை வாங்கி, நாற்பத்தொன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார்.